ஊரைச் சுற்றிப் போன ஆறு

நெடுவாலி ஆறு அதுவரை கீழப்பாலம் ஊருக்கு வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பதினொரு மணிக்கு எழுந்து, ஊரை மேற்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், முக்கால் மணி நேரத்தில் தெற்கே படுத்துக்கொண்டது. போகிற வழியில் அது முதலில் எடைமேடையைத் தொட்டதா பனந்தோப்பைத் தொட்டதா என்பதிலும், துள்ளி விழுந்தது கெண்டையா கெளுத்தியா என்பதிலும் இன்றுவரை ஊருக்குள் சண்டை உண்டு. ஆறு எழுந்து போனதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பஸ் கிளம்பிப் போவதைப் பார்ப்பதுபோல எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

ஆற்றுக்குத் தெற்கே தென்மாநிலம், வடக்கே வடமாநிலம். இரண்டு பக்கமும் ஒரே பேச்சு, ஒரே சாம்பார், ஒரே கொசு. பஸ்ஸின் நிறமும் சட்டமும்தான் வேறு. கீழப்பாலம் தென்மாநிலத்தின் கடைசி ஊர். அங்கே சுடலைவடிவு ஷேர் ஆட்டோ ஓட்டினாள். முப்பத்துநாலு வயது, இரண்டு பெண் பிள்ளைகள், சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். பாலத்தைத் தாண்டி வடகரைச் சந்தைக்கும் திரும்ப ஊருக்குமாக ஒரு நாளைக்கு முப்பது தடவை போய்வருவாள். எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதை அவள் பாலத்து வேகத்தடையின் குலுக்கலில்தான் தெரிந்துகொள்வாள்.

அப்படி இருக்கும்போது தென்மாநிலத்துச் சட்டசபையில் கருக்காப்புச் சட்டம் வந்தது. அதன்படி ஒரு பெண் கர்ப்பமானால் பேரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதிவிட்டால் கலைக்கக் கூடாது. கலைக்க வேண்டுமென்றால் உயிருக்கு ஆபத்து என்று தலைநகரத்து மருத்துவக் குழு எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் பதிவேட்டுப் பெண் யாரும் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்ட உதவுகிறவருக்கு ஏழு வருசம். பாலத்தின் நடுவில் தடுப்புக் கம்பம் ஒன்று வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஏட்டு தவசிலிங்கம், அவர் மடியில் பதிவேடு. முதல் மாதம் ஊர் அதைப் பார்த்துப் பேசியது. இரண்டாம் மாதம் அவருக்கு மோர் கொடுத்தது. மூன்றாம் மாதம் கம்பத்தில் துண்டு காயப்போட்டது.

சுடலைவடிவு இரண்டாவது பிரசவத்தில் இருதயம் வீங்கிப்போய்ப் பதினோரு நாள் மூச்சுக்குக் குழாய் வைத்துக் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவளிடம் சொல்லவில்லை, அவள் புருசன் கொம்பையாவைப் பார்த்துச் சொன்னார்: "இன்னொரு பிள்ளை வேண்டாம்ப்பா. இந்த இருதயம் தாங்காது." கொம்பையா மைக் செட் வைத்திருக்கிறவன். நானே ஆபரேசன் பண்ணிக்கிடுதேன் என்று அன்றைக்கே சொன்னான். பங்குனி உத்திரம் முடியட்டும், கல்யாண சீசன் முடியட்டும், ஆடிக்கொடைத் திருவிழா முடியட்டும் என்று ஐந்து வருசம் போனது. ஊரில் ஏதாவது ஒன்று நடந்துகொண்டேதான் இருந்தது.

வைகாசிக் கடைசியில் சுடலைவடிவுக்கு மூச்சு வாங்கியது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். நர்ஸ் பிலோமினா சோதித்துப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து அழுதாள்.

"எழுதாம விட்டா என் வேலை போவும் வடிவு. எழுதினா ஒன் உசிரு போவும். என்னை என்ன செய்யச் சொல்லுத?"

"எழுதுங்கக்கா. குழுவுகிட்டப் போய்க் கேக்கேன். மூணு டாக்டர் இருக்காவல்ல, பாத்தாத் தெரியாமலா போவும்?"

கொம்பையாவும் அவளும் தலைநகரத்துக்கு நாலு மணி நேரம் பஸ்ஸில் போனார்கள். குழுவின் மூன்று டாக்டர்களும் அவளுடைய பழைய காகிதங்களைப் படித்தார்கள், தலையை ஆட்டினார்கள், இருதயத்தைக் கேட்டார்கள், மறுபடி தலையை ஆட்டினார்கள். பிறகு முத்திரை குத்திய காகிதம் ஒன்றை நீட்டினார்கள். 'தற்சமயம் ஆபத்து ஏற்படவில்லை. ஏற்பட்டதும் நேரில் வரவும்.'

"ஆபத்து ஏற்பட்டா நான் எப்படிய்யா நாலு மணி நேரம் பஸ்ல வருவேன்?" என்று கேட்டாள் சுடலைவடிவு.

"அடுத்தவங்களைக் கூப்பிடு" என்றார் நடுவில் இருந்தவர், வாசலைப் பார்த்து.

ஊருக்குத் திரும்பி மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல ஆட்டோவில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போனாள். தவசிலிங்கம் பதிவேட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"தாயி, ஒன் பேரு இதுல ஏறியிருக்கு. ஆட்டோ போவலாம். நீ போவ முடியாது."

"ஆட்டோ தானாப் போவுமா ஏட்டய்யா?"

"எனக்குத் தெரியுது. நான் என்ன செய்ய?"

அடுத்த நாளும் போனாள், அதே பேச்சு. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பயணிகள் இல்லாமல் தனியாகத்தான் போனாள், கம்பத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு நின்றாள், பிறகு வண்டியைத் திருப்பிப் பாலத்தடியில் விட்டுவிட்டு ஆற்றுப் படித்துறையில் இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தாள். அக்கரையில் வடகரைப் பெரியாஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி வெயிலில் தெரிந்தது. அழவில்லை. சாமி கும்பிடவும் இல்லை. வெயிலுக்குத் தண்ணீர் சுகமாக இருக்கிறது என்று மட்டும் நினைத்ததாகப் பிறகு சொன்னாள்.

அவள் காலுக்கடியில் தண்ணீர் ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. படுத்திருந்த எருமை முன்னங்காலை ஊன்றி எழுவதுபோல ஆறு எழுந்தது. எழுந்து, அவசரப்படாமல், ஆள் நடக்கிற வேகத்தில் மேற்கே திரும்பி, பாலத்துக்கு அடியிலிருந்து தன்னை உருவிக்கொண்டு கிளம்பியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாகக் குதித்து அதன்கூட ஓடினார்கள். வாத்தியார்கள் பிள்ளைகளைப் பிடிக்க ஓடி, பிறகு அவர்களும் ஆற்றின்கூடவே ஓடினார்கள். எடைமேடைக்காரர் லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினார், லாரி பின்னால் போனது, ஆறு தாண்டிப் போனது. பனந்தோப்பில் கள் இறக்கிக்கொண்டிருந்தவர் மரத்தின் மேலேயே இருந்துகொண்டு அது எப்போது எங்கே திரும்புகிறது என்று கீழே இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு வீட்டுச் சுவர் நனையவில்லை. ஒரு கோழி சாகவில்லை. செங்கல் சூளைக்கு அந்தப் பக்கம், வெள்ளரிக்காய் போட்டு அறுத்து முடித்திருந்த தரிசில், நெடுவாலி ஆறு உடம்பைச் சுருக்கி நீட்டிச் சரிசெய்துகொண்டு ஓட ஆரம்பித்தது. அதன் முதுகில் வெயில் அடித்தது. ஊர் முழுக்க அதன் கரையில் நின்று கைதட்டியது. ஏன் தட்டுகிறோம் என்று தெரியாமலே தட்டியது.

பாலத்தில் தவசிலிங்கம் மட்டும் இருந்தார். அவருக்குக் கீழே மணல்.

இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். "அய்யா, ஆறு போயிட்டு."

"வத்திட்டா?"

"இல்லைய்யா. ஊருக்குப் பின்னாடி போயிட்டு."

"நீ இப்போ எங்கய்யா நிக்கே?"

தவசிலிங்கம் யோசித்தார். இரண்டு மாநிலத்துக்கும் எல்லை எது என்று பள்ளிக்கூடத்துப் புத்தகத்திலேயே இருக்கும்: நெடுவாலி ஆற்றின் நடு நீரோட்டம். "வடமாநிலத்துல நிக்கேன் போலிருக்கு அய்யா" என்றார்.

மத்தியானத்துக்குள் ஊர் பண்டிகைபோல ஆகிவிட்டது. வடமாநிலத்து வருவாய் ஆய்வாளர் மாலையோடும் பெயர்ப்பலகையோடும் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வடமாநிலத்தில் காலாண்டுப் பரீட்சையே கிடையாது என்று யாரோ சொன்னதை நம்பித் தெருத்தெருவாக ஊர்வலம் போனார்கள். பெண்கள் அந்த மாநிலத்து ரேஷன் அரிசி வெள்ளையா சிவப்பா என்று கேட்டார்கள். இனி நம்மூர் பஸ் பச்சையா நீலமா என்று ஆட்டோ ஸ்டாண்டில் பந்தயம் கட்டினார்கள். யாரும் ஆறு ஏன் போனது என்று கேட்கவில்லை. வந்த விருந்தாளியிடம் வந்த காரணத்தை வாசலிலேயே கேட்பது கீழப்பாலத்தில் வழக்கமில்லை.

பிலோமினா மட்டும் மூச்சிரைக்க ஓடிவந்தாள். சுடலைவடிவு இன்னும் படித்துறையில்தான் உட்கார்ந்திருந்தாள், காலில் ஈரமணல் ஒட்டியிருந்தது.

"எந்திரி வடிவு! என் பதிவேடு இங்க செல்லாது. இது அந்தப் பக்கம்! நீ அந்தப் பக்கம் இருக்கே!"

சுடலைவடிவு எழுந்தாள். வண்டியை எடுத்தாள். பிலோமினாவையும் கொம்பையாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறினாள். தவசிலிங்கம் எழுந்து கம்பத்தைத் தூக்கினார்.

வடகரைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நூர்ஜஹான் அவளை அரை மணி நேரம் சோதித்தார். "செய்யலாம், செய்தே ஆகணும்" என்றார். "ஆனா இருதய டாக்டர் பக்கத்துல நிக்காம நான் தொட மாட்டேன். அவர் திங்கட்கிழமைதான் வர்றார். அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க, பாரம் தூக்காதீங்க."

"திங்கக்கிழமைக்குள்ள ஆறு திரும்பிட்டுன்னா டாக்டரம்மா?"

நூர்ஜஹான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். "திரும்பாம பாத்துக்கங்க" என்றார், மருந்தை மறக்காமல் சாப்பிடச் சொல்கிற அதே குரலில்.

சனிக்கிழமை காலையில் தென்மாநிலத்து அரசாணை வந்தது. ஆறு இடம் மாறியது இயற்கைப் பேரிடர்; பேரிடர் என்றால் அரசு எந்த மண்ணிலும் இறங்கி வேலை செய்யலாம்; ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் மேற்கே வாய்க்கால் வெட்டி ஆறு பழைய இடத்துக்குத் திருப்பப்படும்; ஊர்மக்கள் ஒத்துழைக்க வேண்டும். அரசாணைக்குப் பின்னாலேயே புது ஆற்றின் தென்கரையில் அரை டஜன் பொக்லைன் இயந்திரங்கள் வந்து நின்றன.

சந்தைக் கொட்டகையில் ஊர் கூடியது. கொம்பையாவின் மைக் செட்தான். அவனே ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டினான், அவனே 'ஹலோ ஹலோ' சொன்னான். பஞ்சாயத்துத் தலைவர் சண்முகக்கனி நடுவில் உட்கார்ந்தாள். ஆறு திரும்பாவிட்டால் அவள் பதவி போய்விடும், அவளைத் தலைவராக்கிய தேர்தல் வேறு மாநிலத்தில் நடந்தது. பென்சன்காரர்கள் ஒரு பக்கம் கூடி முணுமுணுத்தார்கள். வாத்தியார்கள் சம்பளத்தை நினைத்து முகம் வாடினார்கள். நேற்றுக் கைதட்டிய கை இன்றைக்கு நாடியைத் தாங்கிக்கொண்டிருந்தது.

மிட்டாய்க்கடை நவநீதம் எழுந்தார். "நான் பாத்தேன். ஆறு எந்திரிக்கும்போது கொம்பையா பொண்டாட்டி அதுல காலை விட்டு உக்காந்திருந்தா. என்ன நடக்குன்னு ஊருக்குத் தெரியணுமா வேண்டாமா? ஆறு யாருக்காகப் போச்சு?"

கொட்டகை திரும்பிச் சுடலைவடிவைப் பார்த்தது. கொம்பையா மைக்கை அணைக்கப் போனான். அவள் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"எனக்காகப் போச்சான்னு எனக்குத் தெரியாது மொதலாளி. நான் கேக்கல. நான் மூணு நாளாக் கேட்டது ஏட்டய்யாகிட்டத்தான்." குரல் குழாயில் மோதி ஊர் முழுக்கப் போனது. "எனக்கு மூணாவது உண்டாயிருக்கு. மூத்ததைப் பெத்தப்போ ஒண்ணுமில்ல. எளையதைப் பெத்தப்போ பதினோரு நாள் கெடந்தேன், அது ஒங்களுக்கெல்லாம் தெரியும், ஒங்க வீட்டுலேருந்துதான் கஞ்சி வந்துச்சு. இந்தத் தடவை எந்திரிக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லுதாவ. தலைநகரத்துல போய்க் கேட்டேன். ஆபத்து வரட்டும், வந்தப்பொறவு வான்னு எழுதிக் குடுத்தாவ. காகிதம் இந்தா இருக்கு, யாரு வேணா படிங்க. எனக்குப் பொறக்காததை வேண்டாம்னு சொல்லுதது லேசா இல்ல. இருக்கிற ரெண்டு பேருக்கும் தலை பின்னிவிட ஆள் வேணும், அதான். திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஆறு அங்கன கெடக்கணும். அதுக்குப் பொறவு அதை எங்க வேணாலும் கொண்டு போங்க."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது, அது மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

நவநீதம் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இப்படியா எழுதுவான்?" என்று கேட்டார், யாரிடம் என்றில்லாமல். "தீப்பிடிச்ச பொறவு வான்னு தீயணைப்புக்காரன் சொன்னா சரி. இவன் டாக்டர்ல!"

சண்முகக்கனி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். "எத்தனை நாள் வேணும்?"

"ரெண்டு நாளு, தலைவரம்மா."

"மூணாவே வச்சுக்கிடுவோம்" என்றாள் சண்முகக்கனி. பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தேர்தலில் ஜெயித்த அன்றுகூட அவ்வளவு வெளிச்சம் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். "ஏய், ஆறு நம்ம ஊரைச் சுத்தி வலம் வந்திருக்கு. நாம அதுக்கு ஒரு கொடை கொடுத்தோமா? வந்த சாமிக்கு ஒரு சொம்பு பால் ஊத்தினோமா? இன்னைக்குக் காப்புக் கட்டுவோம். மூணு நாள் கொடை. காப்புக் கட்டிட்டா ஊருக்குள்ள யாரும் மண்ணை வெட்டக் கூடாது. அது நம்ம வழக்கம்."

"அப்படி ஒரு வழக்கம் உண்டுமா?" என்று பூசாரி மெதுவாகக் கேட்டார்.

"இன்னையிலேருந்து உண்டு."

பூசாரிக்கு இன்னொரு சந்தேகமும் வந்தது. "காப்புக் கட்டிட்டா ஊரை விட்டு வெளியே தங்கக் கூடாதே. வடிவு ஆஸ்பத்திரியில தங்கணுமே?"

"வடமாநிலம் பூராவும் இப்போ நம்ம ஊருதான்" என்றாள் சண்முகக்கனி. கொட்டகை அதிர்ந்து சிரித்தது. சுடலைவடிவும் சிரித்தாள், அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும் போனது, பத்து நாளைக்குப் பிறகு ஊர் அதைக் கேட்டது.

கீழப்பாலத்தில் அப்படி ஒரு கொடை அதற்கு முன்னால் நடந்ததில்லை. மத்தியானத்துக்குள் மேற்குத் தெரு முழுக்கப் பந்தல் போட்டாகிவிட்டது. பொக்லைன் வருவதற்கு இருந்த ஒரே வழி அந்தத் தெருதான். தென்னங்கீற்று போதாமல் போர்வைகளைக் கட்டினார்கள், போர்வை போதாமல் கட்சிக் கொடிகளைக் கட்டினார்கள், எந்தக் கட்சி என்று யாரும் பார்க்கவில்லை. நையாண்டி மேளம் வந்தது. கரகம் வந்தது. கொம்பையா ஊரில் இருந்த பதினாறு குழாயையும் ஆற்றங்கரை நெடுகக் கட்டினான். முளைப்பாரிக்குப் பயறு முளைக்கப் பத்து நாள் ஆகும் என்று ஒருத்தி கவலைப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் ஆற்றுத் தண்ணீர் தெளித்த பயறு சாண் உயரம் வளர்ந்திருந்தது, அவள் 'சரி, அப்போ சரி' என்று சொல்லிவிட்டுத் தலையில் தூக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பொக்லைன்கள் ஆற்றைக் கடந்து வந்தன. முன்னால் பொறியாளர், கையில் வரைபடம். பந்தலுக்கு முன்னால் நானூறு பெண்கள் பொங்கல் அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஒவ்வொரு அடுப்புக்கும் மூன்று செங்கல், ஒவ்வொரு பானையும் கொதிப்பதற்கு முந்திய நிலையில்.

"வழி விடுங்கம்மா. அரசு வேலை" என்றார் பொறியாளர்.

"விடுதோம் சார். பொங்கட்டும்" என்றாள் முதல் அடுப்புக்காரி.

ஒன்று பொங்கினால் அடுத்தது பொங்க வேண்டும், அடுத்தது பொங்கியதும் குலவை போட வேண்டும், குலவை முடிந்ததும் விருந்தாளிக்கு முதல் கவளம் கொடுக்க வேண்டும். பொறியாளர் ஏழு பானைக்கு மேல் சாப்பிட முடியாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பொக்லைன் ஓட்டுநர்கள் அறுவரும் உறுமி மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் இயந்திரத்தின் கையைத் தூக்கி இறக்கி ஆடவைத்தார், அதற்குத் தனியாக விசில் பறந்தது. சாயங்காலம் வந்தது, அரசாணையின் நேரம் முடிந்தது, ஆறு இருந்த இடத்திலேயே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் சுடலைவடிவு ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்தாள், வாழ்க்கையில் முதல்முறையாக. கொம்பையா ஓட்டினான், அவனுக்கு ஓட்டத் தெரியாது, இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை. மேளம் பாலம் வரைக்கும் கூட வந்தது. தவசிலிங்கம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கம்பத்தை உயர்த்தி, வண்டி கண்ணுக்கு மறைகிறவரை பிடித்துக்கொண்டு நின்றார். கம்பத்தை அவ்வளவு நேரம் பிடித்திருக்கத் தேவையில்லை, அது தானாக நிற்கும்.

பத்தரை மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நூர்ஜஹான் ஒரு பக்கம், இருதய டாக்டர் ஒரு பக்கம். சுடலைவடிவு கண் விழித்தபோது முதலில் பசித்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது. பிலோமினா இட்லி ஊட்டினாள், நாலு தின்றாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள், பத்து வாரம் கூட இருந்ததற்காகவும், இந்த உடம்புக்காகவும். அழுது முடித்ததும் மூச்சை இழுத்துப் பார்த்தாள். அடி வரைக்கும் போனது. இன்னொரு தடவை இழுத்தாள். இன்னொரு தடவை. ஓசி காற்று என்று நினைத்துக்கொண்டாள், சிரிப்பு வந்தது.

"பிள்ளைங்க அப்பா எங்கக்கா?"

"ஆம்பளை வார்டுல" என்றாள் பிலோமினா. "நீ உள்ள போன ஒடனே, எனக்கும் ஆபரேசன் செஞ்சிருங்கன்னு போய்ப் படுத்துட்டாரு. கொடை இன்னும் முடியலையேன்னு கேட்டேன். முடியட்டும்னு காத்திருந்துதான் இப்படி ஆச்சுன்னாரு."

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே இரண்டாவது சேதி வந்தது. கொம்பையாவின் பதினாறு குழாய்களும் ஆற்றங்கரையில் பாடிய பாட்டு தெற்கே எட்டு ஊருக்குக் கேட்டிருந்தது. என்ன கொடை, யாருக்குக் கொடை என்று கேட்டு வந்தவர்கள் அக்கரையில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கூட்டத்திலிருந்து ஜெபராணி என்ற பெண் தனியாக வந்தாள். பூச்சிவிளைக்காரி, தையல் கம்பெனிக்குப் போகிறவள், பத்தொன்பது வயது, கையில் பதிவேட்டுச் சீட்டு. அவள் ஏன் வந்தாள் என்று பூச்சிவிளையில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றினாள், காலைத் தண்ணீரில் விட்டாள். ஆறு எழுந்து பூச்சிவிளையைச் சுற்றிக்கொண்டு போய் அதற்குத் தெற்கே படுத்தது. பொக்லைன்கள் எல்லாம் இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டன. ஓட்டுநர்கள் பூச்சிவிளையில் குளம் தூர்வாரப் போய்விட்டார்கள்.

அப்புறம் ஆறு நிற்கவே இல்லை. வியாழக்கிழமை கோட்டையடியைச் சுற்றியது, அங்கே இரண்டு பெண்கள் சேர்ந்தே வந்து உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமை வாகைப்பட்டி. அதற்கடுத்த புதன்கிழமை ஒரே நாளில் மூன்று ஊர். தெற்கே இருந்த ஊர்களெல்லாம் காத்திருக்கக் கற்றுக்கொண்டன. மேற்குப் பக்கத்து வேலியை எடுத்தார்கள், ஆட்டைக் கிழக்கே கட்டினார்கள், வழியில் கிடந்த பழைய டயரையும் உடைந்த உரலையும் அப்புறப்படுத்திக் கோலம் போட்டார்கள். எங்கள் ஊரில் இன்னும் யாரும் போய் உட்காரவில்லையே என்று சில ஊர்கள் ஏங்கின. ஒரு ஊரில் ஐம்பது வயது தாண்டிய பெண்கள் வரிசையாகப் போய்க் காலை விட்டுப் பார்த்தார்கள். ஆறு அவர்களின் பாதத்தை மட்டும் தடவிக்கொடுத்துவிட்டுச் சும்மா கிடந்தது. தலைநகரத்திலிருந்து நாளுக்கொரு ஆணை வந்தது. ஒவ்வொரு ஆணையும் போய்ச் சேரும்போது அந்த ஊர் அடுத்த மாநிலத்தில் இருந்தது.

ஒரு மாதம் கழித்துச் சுடலைவடிவு மறுபடி வண்டி எடுத்தாள். முதல் நாள் காலையிலேயே பாலத்தடியில் தவசிலிங்கம் கை காட்டினார். பக்கத்தில் தடுப்புக் கம்பம், நாற்காலி, பதிவேடு, ஒரு தூக்குவாளி.

"எங்க போவணும் ஏட்டய்யா?"

"ஆறு இருக்கிற எடத்துக்கு விடும்மா. எல்லையில நிக்கணும்னு உத்தரவு. ஒரு மாசமா அது பின்னாடியே சைக்கிள்ல போறேன், புடிக்கவே முடியல."

கம்பத்தை ஆட்டோவின் கூரையில் கட்டினார்கள். நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்தார்கள். அறுபது கிலோமீட்டர். வழியெல்லாம் ஆறு படுத்து எழுந்த ஈரத்தடம், அதில் புல் முளைத்திருந்தது. தவசிலிங்கம் பதிவேட்டைத் திறந்து அவளிடம் காட்டினார். அவள் பேருக்கு நேராகச் சிவப்பு மையில் 'எல்லை நகர்ந்தமையால் நீக்கம்' என்று எழுதியிருந்தது. பக்கம் பக்கமாக எல்லாப் பேருக்கும் நேராக அதுவேதான்.

"கை வலிக்கு" என்றார். "நூத்திப்பதினாலு பேரு. நல்ல வலி."

மத்தியானம் வண்ணாம்பாறை என்ற ஊருக்குக் கிட்டத்தில் ஆற்றைப் பிடித்தார்கள். முழங்கால் அளவுதான் தண்ணீர். சுடலைவடிவு வண்டியை இறக்கி, சிலிர்ப்பு ஒன்று சக்கரம் வழியாக ஹேண்டில்பாரில் ஏறுவதை உணர்ந்துகொண்டே, அக்கரையில் ஏற்றினாள். இன்னும் இருபது கல்லில் தலைநகரம், வெயிலில் சட்டசபைக் கட்டடத்தின் கூம்பு சின்னதாகத் தெரிந்தது. வண்ணாம்பாறைத் தெரு முழுக்கக் கோலம். மொட்டை மாடிகளில் ஆட்கள். ஒரு பலகாரக் கடைக்காரர் அடுப்பைக் கிழக்கே தள்ளிவைத்துக்கொண்டிருந்தார். தவசிலிங்கம் இறங்கி, கம்பத்தை நட நல்ல இடம் பார்த்து, நாற்காலியை விரித்து, அதில் உட்காரப் போனார்.

நீலச் சேலை கட்டிய ஒரு பெண், கூட வந்த தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைத் தாண்டித் துறைக்கு நடந்து போனாள். யாரும் அவள் பேரைக் கேட்கவில்லை. மாடியில் இருந்தவர்கள் கைப்பிடிச்சுவர் ஓரத்துக்கு வந்தார்கள். அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள், ஒன்றை அடுத்து ஒன்று, ஜோடியாக ஓரமாக வைத்தாள்.

தவசிலிங்கம் உட்காரவில்லை. நாற்காலியை மடக்கினார். அவர் முகத்தில் காலாண்டுப் பரீட்சை ரத்தானதுபோல ஒரு சிரிப்பு பரவியது.

"வண்டியை ஓரமாப் போடு தாயி" என்றார். "ஆறு வருது."